உறுமுகிற ஹீட்டரும் உள்முகப் பயணமும்

மெத்தைக் கடையில் விற்பனை மேலாளராக இருந்த காலத்தில் பாதி ஊரைத் தூங்க வைத்தவர் அவர். கடை அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, பிரிவு உபசாரமாக ஒரு மெத்தையையும் கூடவே அனுப்பியது. நல்ல மெத்தை. மனிதர் அதில் படுத்தார். படுத்தார் என்றால் படுத்தவர்தான். சாப்பிட எழுந்தார், குளிக்க எழுந்தார், மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அவர் மனைவி காலையில் கிளம்பும்போது எந்தப் பக்கம் ஒருக்களித்திருந்தாரோ, சாயங்காலம் திரும்பும்போதும் அதே பக்கம்தான்.

திடீரென்று ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, "நான் மூச்சு சொல்லித்தரப் போறேன்" என்றார்.

"யாருக்கு?"

"ஜனங்களுக்கு."

"அவங்க ஏற்கெனவே விட்டுக்கிட்டுதானே இருக்காங்க?"

"விடுறாங்க. சரியா விடல."

மறுவாரமே ஹாலில் இருந்த சோபா பால்கனிக்குப் போயிற்று. வாசலில் 'உள்முகப் பயணம்' என்று பலகை ஏறியது. அவர் தலைமுடியை வாரிக்கொள்ளாமல் விட்டார், வார்த்தைகளை இழுத்துப் பேசக் கற்றுக்கொண்டார். அவரை 'மாஸ்டர்' என்று முதலில் கூப்பிட்டவர் அவரேதான். போனில், மூன்றாம் மனிதர் போல.

வந்து சேர்ந்தவர்கள் சொற்பம். ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர். வீட்டில் மனைவி டிவி பார்க்கும் நேரத்தில் போக்கிடம் இல்லாதவர். நோட்டீஸ் ஒட்ட இடம் கேட்டபோது மறுக்கத் தெரியாமல் சுவரையும் கொடுத்துத் தன்னையும் கொடுத்துவிட்ட மருந்துக்கடைக்காரர். எதிர்வீட்டுப் பேராசிரியை, எதையும் ஒருதடவை செய்து பார்த்துவிட்டுக் குறை சொல்வதுதான் நியாயம் என்பது அவர் கட்சி. மூவரும் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடுவார்கள். மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, "உள்ளே போங்கள்... இன்னும் உள்ளே..." என்பார். கொஞ்ச நேரத்தில் மூவரும் குறட்டை விடுவார்கள். பழைய தொழில் அவரை விடவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவர் பார்வை படுக்கையறைப் பக்கம் போகும். அங்கே அந்த மெத்தை காத்திருந்தது. மனைவி போய் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வருவாள்.

அந்த நிலையில்தான் ஹீட்டர் வாயைத் திறந்தது.

அன்று அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே குளிக்கலாம் என்று ஹாலை ஒட்டிய நடைபாதையில் இருந்த ஹீட்டர் ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் துண்டைத் தேடினாள். ஹாலுக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரில்தான் வாட்டர் ஹீட்டர் தொங்கியது. கல்யாணமான புதிதில் வாங்கியது. அவள் துண்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் யாரோ தொண்டையைச் செருமுவது போல. பிறகு 'ம்ம்ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு நீண்ட முனகல். நடுநடுவே 'டொப்', 'டொப்' என்று ஏதோ உடைந்து கரைவது போல.

'ஐயோ, வகுப்பைக் கெடுத்துட்டேனே' என்று அவள் ஓடிப்போய் ஹாலை எட்டிப் பார்த்தாள். சர்வேயர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்துகொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் வாயைப் பிளந்திருந்தார். பேராசிரியை, வாழ்க்கையில் முதல்முறையாக, குறை சொல்ல ஒன்றும் அகப்படாத முகத்தோடு இருந்தார்.

"மாஸ்டர்..." என்றார் சர்வேயர். குரல் உடைந்திருந்தது. "என்னமோ... கேட்டுச்சு மாஸ்டர்."

மாஸ்டர் ஒரு கணம் சுவரைப் பார்த்தார். பிறகு சர்வேயரைப் பார்த்தார். பிறகு மெல்லக் கண்ணை மூடிக்கொண்டு, "கேட்டுச்சா?" என்றார். அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மாஸ்டர் வீட்டில் பிரபஞ்சம் பேசுகிறது என்று ஊரில் பரவியது. அடுத்த வாரம் ஹாலில் பாய் விரிக்க இடமில்லை. செருப்பு படிக்கட்டு வரை போயிற்று. மாஸ்டர் நிமிர்ந்து நடந்தார். மெத்தையைச் சுருட்டி, கயிறு கட்டி, பரண் மேல் ஏற்றினார். தானாகவே ஏற்றினார். அவள் கீழே நின்று பிடித்துக்கொடுத்தாள். இந்த மனிதனுக்கு உண்மையை யார் சொல்வது? சுவரில் முனகுவது பிரபஞ்சம் என்று நம்பித்தானே நிமிர்ந்திருக்கிறார்? ஹீட்டர் என்று தெரிந்தால் மெத்தை இறங்கிவிடும். இறங்கினால் இனி ஏறாது.

அவள் சொல்லவில்லை.

ஹீட்டர் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் வாளி நிறையச் சுடுதண்ணீர் கொடுக்கும். இப்போது அரை வாளிக்குள் வெதுவெதுப்பாகி, தலைக்கு ஊற்றும் சமயம் பார்த்துக் கைவிட்டது. அப்புறம் தண்ணீரின் நிறம் மாறியது. அவளுடைய வெள்ளைக் கோட்டை அதில் அலசினாள். பால் குறைந்த தேநீர் நிறத்தில் வந்தது. "என்ன சிஸ்டர், புது யூனிஃபார்மா?" என்று பரிசோதனைக் கூடத்தில் கேலி செய்தார்கள். நாள் முழுக்க மற்றவர்கள் ரத்தத்தைப் பார்த்து, 'இந்த அறிகுறியெல்லாம் வந்தும் ஏன் சும்மா இருந்தீங்க?' என்று திட்டுகிறவள் அவள். அன்று ஒருவரையும் திட்டவில்லை.

கடைசியில் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் பிளம்பர். சாதாரண பிளம்பர் இல்லை. அவனைக் கேட்டால் குழாய் உலகின் தலைமை மருத்துவர். வருகிறேன் என்ற நாளில் வரமாட்டான், வந்தால் நோயாளியின் சரித்திரம் கேட்காமல் ஸ்பேனரைத் தொடமாட்டான். அவன் வந்து சேர்ந்தபோது வகுப்பு ஆரம்பித்திருந்தது. ஹாலைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும். கால் வைக்க இடமில்லை. மாஸ்டர் கண்ணாலேயே 'உட்காரு' என்றார். பைப் ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டு அவனும் உட்கார்ந்தான்.

சுவர் முனகியது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் குளியலறைக்குள் நுழைந்தான். ஸ்க்ரூடிரைவரின் முனையை டேங்கில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டான். வந்துவிட்டுப் போனவர்களைவிட இவன் முகத்தில்தான் அதிக பக்தி தெரிந்தது.

"அடியில உப்பு படிஞ்சு பாறையா கிடக்குக்கா. அதுக்குக் கீழ மாட்டிக்கிட்ட தண்ணி கொதிச்சு வெளியே வர வழியில்லாம முட்டுது. அதான் இந்தச் சத்தம்."

"தெரியும்டா."

"தண்ணி செம்பழுப்பா வருதா? உள்ள ஒரு கம்பி இருக்கும். துருவையெல்லாம் தன் மேல வாங்கிக்கிட்டு டேங்கைக் காப்பாத்தும். அது கரைஞ்சே போச்சு. குடும்பத்துல ஒருத்தர் இருப்பாங்களே, எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு..."

"என்னை ஏண்டா பாக்குற? ஹீட்டரைப் பாரு."

அவன் டேங்கின் அடியை விரலால் தடவினான். விரல் ஈரமாக வந்தது. "கசிய ஆரம்பிச்சிடுச்சு. இனிமே இதுக்கு வைத்தியம் இல்லக்கா, மாத்தணும். அழுத்தம் கூடினா தண்ணியை வெளியே விடுற வால்வு இருக்கே, அதுவும் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. இதுக்கு மேல ஓட்டுனா டேங்க் வாயைப் பிளந்துரும்."

"மாத்துனா சத்தம் வராதா?"

"புது ஹீட்டர் எதுக்குக்கா சத்தம் போடும்? அது பூனை மாதிரி இருக்கும்."

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ரெஞ்சைப் பைக்குள் போட்டுக்கொண்டே, வேறெங்கோ பார்த்தபடி, "ஆனா ஒண்ணு. மாமா வகுப்பு நல்லாத்தான் இருக்கு. எனக்கே என்னமோ லேசா ஆன மாதிரி இருந்துச்சு" என்றான்.

"அது ஹீட்டர்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். தெரிஞ்சும் லேசாச்சு."

மறுநாளிலிருந்து அவனும் சொந்தப் பாயோடு வர ஆரம்பித்தான். சரி செய்ய வந்தவன் சீடனாகிவிட்டான். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

வியாழக்கிழமை காலை அவள் சமையலறையிலிருந்து தற்செயலாக நடைபாதைப் பக்கம் திரும்பினாள். ஹாலில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். மாஸ்டர் மட்டும் பாயில் இல்லை. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில், நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். வந்தார். ஸ்விட்சை இரண்டு விரலால், குழந்தை கன்னத்தைக் கிள்ளுவது போல, சத்தமில்லாமல் போட்டார். திரும்பினார். அவளைப் பார்த்தார்.

இருவரும் அப்படியே நின்றார்கள்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து சமையலறைக்குள் இழுத்தாள். "உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் கிசுகிசுப்பாக.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அவரும் கிசுகிசுப்பாக.

"எனக்குத் தெரியாம? குளிக்கிறவ நான்! உங்களுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுடுமேன்னு அரை வாளித் தண்ணியில குளிச்சுக்கிட்டு இருக்கேன்!"

"உனக்குத் தெரிஞ்சா என்னை மதிக்க மாட்டியேன்னு நான் பூனை மாதிரி நடந்துக்கிட்டு இருக்கேன்!"

"ஊரை ஏமாத்துறீங்களே, இது நியாயமா?"

"நான் எங்கே ஏமாத்துனேன்? பிரபஞ்சம்னு என் வாயால ஒரு தடவை சொல்லியிருப்பேனா? 'கேட்டுச்சா'ன்னு கேட்டேன். கேட்டுச்சுன்னாங்க. கேட்டது உண்மைதானே?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தில் இருந்த மாஸ்டர் கழன்று கீழே விழுந்திருந்தது. மெத்தை மேல் கிடந்த பழைய முகம் வெளியே எட்டிப் பார்த்தது.

"சனிக்கிழமை கல்யாண மண்டபத்துக்காரர் வர்றாரு. வகுப்பைப் பார்த்துட்டுப் பிடிச்சிருந்தா வாராவாரம் அவர் மண்டபத்துலயே நடத்தலாம்னு சொல்லியிருக்காரு. அது வரைக்கும் மட்டும் விடு. அப்புறம் மாத்திடலாம். இப்ப அது நின்னா நானும் நின்னுடுவேன். என்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு?"

தம்பி சொன்னதையெல்லாம் அவள் சொன்னாள். கசிவு, கம்பி, இறுகிய வால்வு. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் ஆரம்பித்தது. இருவருமே பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

"சனிக்கிழமை வரைக்கும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்ததில் பேராசிரியை கண்ணைத் திறந்துவிட்டார். மண்டபத்துக்காரர் முன்னால் இப்படி ஏதாவது ஆகிவிட்டால் மானம் போய்விடுமே என்று மாஸ்டர் கடுமையாக ஒரு சட்டம் போட்டார்: "வெளியே என்ன நடந்தாலும் சரி, இடி விழுந்தாலும் சரி, நானே வந்து திறக்கச் சொன்னாலும் சரி, மணி அடிக்கும் வரை கண்ணைத் திறக்கக் கூடாது. நான் சொல்வது போலக் கேட்டால் அது உங்கள் மனம் செய்யும் தந்திரம்." எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை மண்டபத்துக்காரர் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. சலவைக்கடைக்காரர் கையால் அவரையே மடித்துக் கொண்டுவந்து வைத்தது போல இருந்தார். தரையில் உட்கார்ந்து பழக்கமில்லை என்று சுவரில் சாய்ந்துகொள்ள இடம் கேட்டார். மாஸ்டர் பெருமையோடு அந்தச் சுவரையே கொடுத்தார். சுவரில் ஈரத்திட்டு ஒன்று படர்ந்திருந்தது. அதில் பறவை தெரிகிறது என்று மருந்துக்கடைக்காரரும், இல்லை, திறந்த புத்தகம் என்று பேராசிரியையும் சொன்னார்கள்.

கண்கள் மூடின. ஸ்விட்ச் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. முனகல் வந்தது. மண்டபத்துக்காரரின் முதுகு வழியாக அது ஏறியிருக்க வேண்டும். அவர் முகம் இளகியது, உதடு புன்னகைத்தது. மாஸ்டர் நடைபாதையில் நின்ற மனைவியைப் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்றது அந்தப் பார்வை.

அப்போது சத்தம் மாறியது.

முனகல் நின்று, மெல்லிய சீறலாயிற்று. அதற்கு மேல் ஓர் உலோகம் இழுபடுகிற கிரீச்சொலி. வகுப்பில் ஒரே ஒருவன் கண்ணைத் திறந்தான். தம்பி. அவன் முகம் ரத்தமில்லாமல் வெளுத்திருந்தது. பாயை உதறிவிட்டு மெயின் ஸ்விட்சுக்கு ஓடினான்.

மாஸ்டர் எழுந்து நின்றார். ஒரு பக்கம் சீறுகிற சுவர். இன்னொரு பக்கம், அந்தச் சுவரிலேயே சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் மண்டபம். அவள் அவர் வாயையே பார்த்தாள். அந்த வாய் திறந்தால் எல்லாம் போயிற்று.

திறந்தது. "எந்திரிங்க! எல்லாரும் வெளியே ஓடுங்க! ஹீட்டர் வெடிக்கப் போகுது!"

ஒரு கண் திறக்கவில்லை. ஒரு கால் அசையவில்லை. சர்வேயர் மட்டும், 'எனக்கா தெரியாது உங்க தந்திரம்' என்பது போல இன்னும் ஆழமாக மூச்சிழுத்தார்.

"ஐயோ, அது ஹீட்டருங்க! இத்தனை நாளா கேட்டது ஹீட்டரு! நான்தான் ஸ்விட்ச் போட்டேன்! நான் பொய்யன்! நான் மெத்தை விக்கிறவன்!"

எல்லோர் முகத்திலும் புன்னகை மலர்ந்தது. மாஸ்டர் எவ்வளவு கடினமான சோதனை வைக்கிறார்!

"மணி! மணியை அடிங்க!" என்று கத்தினாள் அவள். மணியை, மண்டபத்துக்காரருக்காகப் பளபளவென்று தேய்த்து, எங்கோ பத்திரமாக வைத்திருந்தார் மாஸ்டர். எங்கே என்று ஞாபகமில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. முதல் பாயின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வழவழப்பான தரை, சர்வேயர் சம்மணத்தோடு வாசலை நோக்கி வழுக்கிக்கொண்டு போனார். "மிதக்கிறேன்..." என்றார். மாஸ்டர் பேராசிரியையை இழுத்தார். தம்பி மெயினை அணைத்துவிட்டுத் திரும்பி ஓடிவந்து மருந்துக்கடைக்காரரை அப்படியே கட்டித் தூக்கினான். வாசல்படியில் பின்புறம் 'தடால்' என்று இடித்தபோதுதான் ஒவ்வொருவராகக் கண் திறந்தது. கண் திறந்தவர்கள் மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் மற்றவர்களை இழுக்க உள்ளே ஓடினார்கள். கடைசியில் மண்டபத்துக்காரர். அவருக்குப் பாய் இல்லை. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்தார்கள்.

வாசலைத் தாண்டியதும் டேங்க் வாயைப் பிளந்தது. குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு செம்பழுப்புத் தண்ணீர் ஹாலில் பாய்ந்து, பாய்களை மிதக்கவிட்டு, படியிறங்கி வந்து, மண்டபத்துக்காரரின் வெள்ளைக் கால்சட்டையை முழங்கால் வரை தேநீராக்கியது. வருகிற வழியில் ஆறிவிட்டதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மண்டபத்துக்காரர் தன் கால்களைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், வண்டியேறிப் போய்விட்டார். மாஸ்டரின் தோள் மெல்லக் கீழே இறங்குவதை மனைவி பார்த்தாள். எந்தப் பக்கம் ஒருக்களிப்பார் என்பதுகூட அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மாஸ்டர்" என்றார் சர்வேயர் தயங்கி.

"என்னை அப்படிக் கூப்பிடாதீங்க சார்."

"இல்ல, ஒரு சந்தேகம். அது நிஜமாவே ஹீட்டர்தானா?"

"ஆமா சார். மன்னிச்சிடுங்க."

"அதுக்கில்ல..." சர்வேயர் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுலயும் கொஞ்ச நாளா கேக்குது. குளிக்கப் போனாலே கேக்குது. நான் வீட்டுலயே அந்த நிலைக்குப் போயிட்டேன்னு நினைச்சு, பொண்டாட்டி கிட்டகூட சொல்லாம வச்சிருக்கேன்."

மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "எனக்கும் கேக்குது. இவருக்கு முன்னாடியே கேக்குது."

"எனக்குத் தண்ணீரின் நிறமே மாறிவிட்டது" என்றார் பேராசிரியை. "நான் அதை ஒரு சுத்திகரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்."

அந்தக் கூட்டத்தில் எத்தனை முகங்கள் வெளிறின என்று அவள் எண்ணவில்லை. தம்பி மட்டும் உதட்டை நக்கிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினான்.

மாஸ்டர் நிமிர்ந்தார். அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக நேரானது. "டொப் டொப்னு கேக்குதா, கிரீச்னு கேக்குதா?" என்றார் சர்வேயரிடம்.

"முனகல்தான். நடுவுல டொப்."

"அப்போ அவசரமில்ல, ஆனா தள்ளிப்போடவும் முடியாது. பேராசிரியரம்மா, உங்க வீட்டுக்குத்தான் முதல்ல. டேங்க் அடியில கைவச்சுப் பாத்தீங்களா? ஈரமா? வால்வைத் திறந்து பாத்து எவ்வளவு நாளாச்சு?" இழுவை இல்லாத குரல். மெத்தை விற்ற காலத்தில், வாடிக்கையாளர் முதுகுவலியைக் கேட்டறிகிற குரல். அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

கூட்டம் தெருவைக் கடந்தது. அவர் முன்னால், ஈர வேட்டியோடு. பின்னால் தம்பி, பிறகு பாயில்லாத சீடர்கள். பேராசிரியை வீட்டுக் குளியலறைக்குள் நுழைய முடிந்தவர்கள் நுழைந்தார்கள், மற்றவர்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். அவர் ஹீட்டருக்குக் கீழே போய் நின்று ஒரு கையை உயர்த்தினார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்கள்" என்றார், பழக்கதோஷத்தில் இழுத்து. "உள்ளே... இன்னும் உள்ளே... கேளுங்கள்..."

"மாமா" என்றான் தம்பி.

"உஷ்."

"மாமா, முதல்ல ஸ்விட்சை அணைங்க."

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதை அணைத்தாள். வழியெல்லாம் முகங்கள், எல்லாம் கண்ணை மூடியபடி.